எட்டு வால்வும் காணோம் என்று நான் சொன்ன எஞ்சின்

நடக்காத திருட்டு ஒன்றைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு உண்டு. கண்டுபிடித்ததோடு விட்டேனா? திருடன் எந்தப் பக்கமாக வந்திருப்பான், எந்த ஸ்பேனர் போட்டிருப்பான், எதை முதலில் கழற்றியிருப்பான் என்று விரலை மடக்கி மடக்கி விளக்கினேன். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் எதையும் விளக்கியதில்லை. அவ்வளவு தப்பாகவும் விளக்கியதில்லை.

ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்து இதை எழுத உட்காரக் காரணம் பிஜு. மட்டாஞ்சேரி ஒர்க்‌ஷாப்பில் என்னோடு பத்து வருடம் கை கறுத்தவன். இப்போது காக்கநாட்டில் கரண்டு கார் சர்வீஸ் பார்க்கிறான். வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போகிறான், சாயங்காலம் அதை வெள்ளையாகவே வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அதை வேலை என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. போன வாரம் போனில் சீண்டினான்.

"ஆசானே, எங்க வண்டியில வால்வு இல்லை, டாப்பெட் இல்லை, டக்டக்குன்னு ஒரு சத்தம் இல்லை. நீங்க கண்டா மயங்கி விழுந்துடுவீங்க, கேட்டோ."

"போடா. வால்வு இல்லாத எஞ்சினை உனக்கு முந்தியே பார்த்தாச்சு. பெட்ரோல்ல ஓடுறது. நூறு வருஷத்துக்கு முந்தி இத்தாலிக்காரன் பண்ணினது."

"கதை விடாதீங்க."

"எழுதித் தர்றேன், படி."

"தமிழ்லயா? எனக்கு வாசிச்சு முடிக்க அரை நாள் ஆகும். மலையாளத்துல எழுதக் கூடாதா?"

"அரை நாள் ஆகட்டும். உனக்குத்தான் கை கழுவுற வேலைகூட இல்லையே."

நான் வேலை படித்த கதை சின்னது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம், பஸ் ஷெட்டில் நான்கு வருடம், மீன்பிடிப் படகு எஞ்சின்களோடு மூன்று வருடம். படகு எஞ்சின் பார்த்த காலத்தில் கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எஞ்சின் ஓடினால் நான் படுத்துவிடுவேன், நான் எழுந்தால் எஞ்சின் படுத்துவிடும். கடைசியில் தரையில் நிற்கும் வண்டிகளே போதும் என்று ரோஸி சேச்சியின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அங்கேயே நரைத்தேன்.

சேச்சியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. படகு கட்டும் யார்டில் வரைபடம் போடுகிறவராக இருந்தவர். பிறகு சொந்தமாக ஒர்க்‌ஷாப் திறந்தார். எங்கள் தமிழாட்களோடு பழகிப் பழகி, பாதி தமிழும் பாதி மலையாளமுமாக ஒரு பாஷை பேசுவார். அவருக்கு ஒரே சட்டம்: வரையாமல் எதையும் கழற்றக் கூடாது. எந்த எஞ்சின் வந்தாலும் பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், திறந்ததும் கண்ணுக்குத் தெரிவதை முதலில் வரைய வேண்டும். ஒவ்வொரு குழாய், ஒவ்வொரு நட்டு. கீழே பெயர் எழுத வேண்டும். அப்புறம்தான் ஸ்பேனர். "பேப்பர்ல இல்லாத நட்டு என் ஒர்க்‌ஷாப்ல இல்லை" என்பார். கழுவுவது, துடைப்பது, திரும்ப மாட்டுவது எல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

நான் பிஸ்டன் வரைந்தால் இட்லி மாதிரி இருக்கும். கிராங்க் ஷாஃப்ட் வரைந்தால் பல்லுவலிக்காரன் மாதிரி இருக்கும். சேச்சி சிரிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். கோபம் வந்தால் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து மெதுவாகச் சீவுவார். சீவச் சீவ எங்களுக்கு வியர்க்கும்.

இனி அந்த எஞ்சின்.

கிஷோர் சேட் என்று ஒரு வியாபாரி. பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்கு. குஜராத்திக் குடும்பம், கொச்சியில் நான்கைந்து தலைமுறை. கிடங்கின் பின்பகுதியில், மூட்டைகளுக்கு அந்தப்பக்கம், அவருடைய கொள்ளுத்தாத்தா வாங்கிய ஒரு கார் நின்றது. இத்தாலியில் டூரின் நகரத்துக் கம்பெனி. முதல் உலகப் போருக்கு முந்திய வண்டி. அதன் எஞ்சின் சத்தத்தைக் கேட்டவர் யாரும் அந்தக் குடும்பத்தில் உயிரோடு இல்லை. அதை ஓட வைக்க வேண்டும் என்று சேட்டுக்கு ஆசை. சேச்சி அன்று வைப்பின் தீவில் ஒரு படகு வேலையாகப் போயிருந்தார். "சும்மா பார்த்துட்டு வா, தொடாதே" என்று என்னை அனுப்பினார்.

நான் தொட்டேன். வரையாமல் தொட்டேன்.

அந்தக் காலத்து எஞ்சின்களில் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், வால்வு ஸ்பிரிங்குகள் வரிசையாக நிற்கும். சிலிண்டருக்குள் காற்றை விடுகிற கதவு ஒன்று, புகையை வெளியே விடுகிற கதவு ஒன்று; நான்கு சிலிண்டருக்கு எட்டு. எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். நான் மூடியைக் கழற்றினேன். ஸ்பிரிங் இல்லை. மறுபக்கம் போனேன். அங்கேயும் இல்லை. தலைப்பக்கம் திறந்தேன். இரண்டிரண்டு சிலிண்டருக்கு நடுவே செங்குத்தாக ஒரு தடித்த இரும்புக் குழல் இறங்கியிருந்தது. மொத்தம் இரண்டு குழல்கள். தண்ணீர் போகிற வழியாக்கும் என்று அதைத் தாண்டிப் போனேன். பதில் என் முகத்துக்கு நேரே நின்றது; நான் அதன் மேல் டார்ச்சை வைத்துவிட்டு வேறு இடத்தில் தேடினேன்.

"சேட், எட்டு வால்வும் காணோம்."

"காணோம்னா?"

"ஸ்பிரிங், டாப்பெட், முழு செட்டும் போயிருக்கு. வெளியாள் வேலை இல்லை இது. மூடியைத் திருப்பி மாட்டி, நட்டை எல்லாம் முறுக்கி, தூசி தட்டி, துடைச்சு வச்சுட்டுப் போயிருக்கான். தினம் இங்கே வந்து போற கை."

அதற்குள் கூடிவிட்ட மூட்டை தூக்குகிறவர்களுக்கும் எல்லாவற்றையும் விளக்கி முடித்த பிறகுதான் பார்த்தேன். கதவுப் பக்கம் முத்தையாண்ணன் நின்றிருந்தார், கையில் துடைக்கிற துணியோடு.

முத்தையாண்ணன் கிடங்குக் காவல்காரர். பள்ளுருத்தியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். இருபத்தேழு வருடமாக அந்தக் கிடங்கின் சாவி அவருடைய இடுப்பில். சனிக்கிழமைதோறும் அந்தக் காரைத் துடைப்பதும் அவர்தான், யாரும் சொல்லாமலே.

சேட் கெட்ட மனிதர் இல்லை. சத்தம் போடவில்லை, போலீஸ் என்றும் சொல்லவில்லை. "முத்தையா, விஷயம் தெளிவாகற வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்றார். அண்ணன் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். அவிழ்க்க நேரமானது; முடிச்சு பழகிப் போயிருந்தது.

பஜாரில் கிடங்குக் காவல் என்பது நம்பிக்கையை மட்டும் வைத்துக் கிடைக்கிற வேலை. ஒரு கிடங்கில் சாவி வாங்கிவிட்டார்கள் என்றால் வேறெந்தக் கிடங்கிலும் உள்ளே விடமாட்டார்கள். அன்று பகலுக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சேச்சி வந்தார். என் விளக்கத்தை எல்லாம் கேட்டார். "வரைஞ்சது எங்கே?" என்றார். இல்லை என்றேன். பென்சில் காதிலிருந்து இறங்கியது.

"எடா சுந்தரேசா, கள்ளன் வந்து உன் பல்லைப் பிடுங்கிட்டுப் போனான்னு வை. அங்கே என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது சேச்சி."

"குழி இருக்கும்டா. வால்வு போனா, வால்வு உட்கார்ற குழி எங்கே? அது ஏறி இறங்குற துளை எங்கே? கள்ளன் துளையையும் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போனானா?"

சேச்சி பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கண்ணாடியை பிளக் துளைக்குள் விட்டு, டார்ச் அடித்து, அரை மணி நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "நோக்கு. சன்னல்."

பார்த்தேன். சிலிண்டர் சுவரில் ஒரு நீள் சதுரத் திறப்பு. அதற்கு அந்தப்பக்கம், நான் தண்ணீர்க் குழாய் என்று நினைத்த அந்தக் குழலின் உடம்பு. அதிலும் ஒரு சன்னல், கொஞ்சம் தள்ளி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குழல் சுற்றும்! சுற்றும்போது அதன் சன்னல் சிலிண்டர் சன்னலுக்கு நேரே வந்தால் பெட்ரோல் காற்று உள்ளே போகும். இன்னும் சுற்றினால் மூடிக்கொள்ளும். வேறொரு சன்னல் நேரே வந்தால் புகை வெளியேறும். ஏறி இறங்க எதுவும் இல்லை, படபடக்க எதுவும் இல்லை. ஒரு குழல் இரண்டு சிலிண்டரைப் பார்த்துக்கொள்கிறது!

பின்னால் நான் தேடித் தேடிப் படித்தேன். அந்தக் காலத்தில் நல்ல ஸ்பிரிங் எஃகு கிடையாது; வால்வு ஸ்பிரிங் அடிக்கடி உடையும். எஞ்சின் சத்தம் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டினது போல. பணக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அதனால் ஐரோப்பாவில் ஆளுக்கொரு வழி தேடினார்கள். சிலர் சிலிண்டருக்குள் இன்னொரு உறையை ஏற்றி இறக்கினார்கள். பந்தயங்களில் பெரிய பெரிய எஞ்சின்களை வைத்து ஜெயித்துப் பெயர் வாங்கிய இந்த டூரின்காரர்கள், சுற்றுகிற குழல் என்று இறங்கினார்கள். எஞ்சின் நான்கு சுற்று சுற்றினால் குழல் ஒரு சுற்று. ஆடாமல் அசையாமல், கோயில் யானை நடப்பது போல. என்ன தைரியம்! கஷ்டம் ஒன்றே ஒன்றுதான்: எண்ணெய். குழல் இறுக்கமாக இருந்தால் சூட்டில் விரிந்து கடித்துக்கொள்ளும். தளர்வாக இருந்தால் புகையாகக் கக்கும். நடுவே இருப்பது ஒரு மயிரிழை. சில வருடம் போராடிவிட்டு அவர்களும் பழைய மாதிரி வால்வுக்கே திரும்பினார்கள். அப்படிப்பட்ட எஞ்சினுக்குத்தான் நான் எட்டு வால்வு கேட்டு அடம்பிடித்தது.

இதை அன்றே சேட்டிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? "சின்னதா ஒரு சந்தேகம் இருக்கு சேட். இன்னும் செக் பண்ணணும்."

சேட் என்னை உற்றுப் பார்த்தார். "நேத்து போயிடுச்சுன்னீங்க. இன்னைக்கு சந்தேகம்ங்கிறீங்க. நான் எதை நம்பறது? அதை ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்."

முத்தையாண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் பொய், தைரியம் வரவில்லை.

காரைத் தள்ளிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தோம். இம்முறை முதல் வேலையாகக் காலண்டர்த் தாளில் எஞ்சினை வரைந்தேன். அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு அண்ணன் வருவார். எதிரே கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்காருவார். ஒன்றும் கேட்க மாட்டார். தெருவில் உந்துவண்டி தள்ளிப் போகிறவன், "அண்ணே, கள்ளன் கிட்டினானா?" என்பான். நான் எந்தப் பக்கம் குனிந்து வேலை செய்தாலும் அந்தப் பெட்டி என் கண்ணில் பட்டது.

முதல் ஐந்து நாள் பிளக் துளைகளில் டீசலும் எண்ணெயும் ஊற்றி ஊறப்போட்டோம். பிஸ்டன்கள் இளகின. குழல்கள் அசையவில்லை. அடித்தால் உடையும், உடைந்தால் உலகத்தில் வேறு கிடையாது. சேச்சி ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் காலையில் என்னிடம் சொன்னார்: "மீன் ஏலம் போடுற இடத்துக்குப் போய் ஐஸ் வாங்கிட்டு வா. உம்மரோட சாயாக்கடையில வெந்நி சொல்லு. நிறைய."

வெளிக்கூடு சூடானால் விரியும். உள்ளே இருக்கும் குழல் குளிர்ந்தால் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் கிடைக்கும். கேட்கும்போது என்ன எளிது! ஆனால் ஒரேயடியாகக் கொதிநீர் ஊற்றினால் பழைய வார்ப்பிரும்பு பிளந்துவிடும். சேச்சி கையால் தொட்டுப் பார்த்து, முதலில் வெதுவெதுப்பு, பிறகு கொஞ்சம் சூடு, பிறகு இன்னும் கொஞ்சம் என்று எஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் பாதையில் ஊற்ற வைத்தார், குழந்தையைக் குளிப்பாட்டுவது போல. நான் துணியில் ஐஸ் கட்டி, குழலின் வயிற்றுக்குள் திணித்துக்கொண்டே இருந்தேன். ஒர்க்‌ஷாப் முழுக்க மத்தி நாற்றம். உம்மர் கெட்டிலும் கையுமாக ஓடி ஓடி வந்தார்.

"கடையில ஆளு சாயா கேட்டு நிக்கிறாங்க சேச்சி. எல்லா வெந்நியும் இந்தச் சவத்துக்கே போகுது!"

"சவம் இப்ப எழுந்திரிக்கும். நீ ஊத்து."

பதினேழாவது கெட்டிலில் சேச்சி கிராங்க் கைப்பிடியில் இரண்டு விரலை மட்டும் வைத்து அழுத்தினார். ஒரு 'கிரிச்'. அவ்வளவுதான். முன் குழல் நகர்ந்தது, பின் குழலும் நகர்ந்தது! நான் கத்திய கத்தலில் தெருவில் ஒரு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. முத்தையாண்ணன் பெட்டியிலிருந்து எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

அடுத்து எண்ணெய். அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய்தான் உயிர். எவ்வளவு சூடானாலும் இரும்பை விட்டு இறங்காது. பஜாரில் எண்ணெய்க் கடைக்குப் போய் எட்டு லிட்டர் விளக்கெண்ணெய் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வயிறு யாருக்கு? உனக்கா, ஊருக்கா?"

ஒன்பதாம் நாள் ஸ்டார்ட் செய்தோம். பேட்டரிக்குப் பதிலாக அதில் இருந்த காந்தத்தைத் துடைத்துத் தீப்பொறி வரவழைத்தாயிற்று. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக் கைப்பிடியைச் சுற்றினேன். இல்லாவிட்டால் எதிர் உதையில் கட்டைவிரல் போய்விடும். நான்காவது சுற்றில் எஞ்சின் இருமியது. ஆறாவதில் பிடித்துக்கொண்டது. ஓடுகிறது! நூறு வருடத்துக் கிழம் ஓடுகிறது! நான் உம்மரைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

சேச்சி குதிக்கவில்லை. ஒரு மரக்கோலின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் போயிருக்கும். "நிறுத்து!" என்றார். நிறுத்தினேன். எனக்கும் அப்போது கேட்டிருந்தது, பூனையை மிதித்தது போல் ஒரு கீச்சு.

மறுபடி திறந்தோம். பின் குழல் வறண்டு கிடந்தது. சேச்சி என்னுடைய காலண்டர்த் தாளை எடுத்தார். முன் குழலுக்கு எண்ணெய் போகிற குழாயை நான் வரைந்திருந்தேன். பின் குழலுக்கு வரையவில்லை. முன்னால் இருப்பதுதானே பின்னாலும் இருக்கும் என்று சோம்பல். தாளில் இல்லாத குழாயை யாரும் கழுவவில்லை. அதைக் கழற்றி ஊதினேன். காற்று போகவில்லை. கம்பி விட்டுக் குத்தினால் காய்ந்த மண் உதிர்ந்தது. குளவி கூடு கட்டியிருந்தது.

சேச்சி பென்சிலைச் சீவி, என் கையில் கொடுத்து, புதுத் தாளை முன்னால் வைத்தார். அன்று நான் வரைந்த குழாய்தான் என் வாழ்க்கையிலேயே குழாய் மாதிரி இருந்த குழாய்.

குழலில் நல்லவேளையாகக் கீறல் லேசு. தேய்த்து வழவழப்பாக்கி மாட்டினோம். பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு சேட்டை வரச் சொன்னோம். பஜாரில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் தலைச்சும்மாட்டோடு நின்றார்கள். மூன்றாவது சுற்றிலேயே பிடித்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? சத்தமே இல்லை என்பதுதான் அந்தச் சத்தம். டக்டக் இல்லை. கெட்டில் கொதிக்கப் போகும் முன்னால் ஒரு முணுமுணுப்பு வருமே, அதுதான். பின்னால் விளக்கெண்ணெய்ப் புகை நீலமாக எழுந்து தெருவை மூடியது. இருமிக்கொண்டே எல்லாரும் கைதட்டினார்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சேச்சி மரக்கோலைக் காதிலிருந்து எடுத்தார். இருபது நிமிடம்! எனக்குக் கண்ணில் தண்ணீர். புகைதான் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

சேட் குனிந்து பார்த்தார். "அப்ப வால்வு எங்கே?"

சேச்சி என்னைக் காட்டினார். "இவன் சொல்லுவான்."

உம்மர் கடையிலிருந்து ஒரு தகர டப்பா வாங்கி, பக்கத்தில் ஓட்டை போட்டு, அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டி விளக்கினேன். இந்தத் தடவை சரியாக. முடித்ததும் அங்கேயே, அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "சேட், எதுவும் திருடு போகலை. அதுல வால்வு எப்பவுமே இருந்ததில்லை. நான் தெரியாம உளறிட்டேன்."

சேட் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். முத்தையாண்ணன் முன்னால் போய் இரண்டு கையாலும் நீட்டினார். "மன்னிச்சுக்கோங்க" என்றார். அண்ணன் வாங்கி, இடுப்பில் கட்டி, இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு கிடங்கைப் பார்த்து நடந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டதல்லவா.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உம்மரிடம் இரண்டு சாயா வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, பார்த்தீங்களா, எப்படி ஓடுச்சு! எல்லாம் சரியாயிடுச்சு பார்த்தீங்களா!"

அவர் நின்றார். சாயாவை வாங்கிக்கொள்ளவில்லை.

"சுந்தரேசா, 'எனக்குத் தெரியாது'ங்கிற ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்குப் பதினோரு நாள் ஆச்சு. அந்தப் பதினோரு நாளும் நான் கள்ளன்."